அமெரிக்கப் பந்தாட்டக் களமும் அரங்கும்

ஒரு விளையாட்டின் விதிகளை அறிய விரும்புவோர் முதற்கண் அது நிகழும் நிலத்தை அறிதல் வேண்டும். நிலத்தை அறியாது விதிகளை மனனஞ் செய்தல், தேசப்படம் பாராது சரித்திரம் படித்தலை ஒக்கும். துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் பழகிய நம்மவர், அமெரிக்க ஐக்கிய நாட்டில் வழங்கும் பந்தாட்டத்தை முதன்முறை காணும்போது யாதும் விளங்காது மயங்குவர். அதற்குக் காரணம் ஆட்டம் கடினமானது என்பதன்று. களத்திற் கீறப்பட்டுள்ள கோடுகளின் பொருள் தெரியாமையே ஆகும்.

எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று அந்நாட்டிலும் கனடாவிலும் குடியேறி வாழ்கின்றனர். அவர்தம் மக்களும் பேரரும் அங்குள்ள பாடசாலைகளில் இவ்வாட்டத்தைக் கண்டும் ஆடியும் வளர்கின்றனர். பேரன் தொலைபேசியிற் களிப்போடு கூறும் செய்தியைக் கேட்டு, “நல்லது மோனை” என்று சொல்லிவிட்டு, அவன் வென்றானா தோற்றானா என்பதும் விளங்காதிருக்கும் பாட்டன்மார் நம்மிடையே உளர். அன்னார் பொருட்டே இப்பாடத்தை எழுதத் துணிந்தோம். மாணவர் படிப்பினும் தடையில்லை.

பெயரிலிருந்து தொடங்குவாம். அமெரிக்கர் இதனை ‘ஃபுட்போல்’ என்றே அழைப்பர். நாம் உதைபந்தாட்டம் என்பது அவர்க்குச் ‘சொக்கர்’. இவ்வாட்டத்திற் பந்து காலால் உதைக்கப்படுவது சில வேளைகளில் மாத்திரமே. பெரும்பாலும் அது கையில் ஏந்தி ஓடப்படும், அல்லது எறியப்படும். ஆதலின் உதைபந்தாட்டம் என்னும் தமிழ்ப் பெயரை இதற்கு இடுதல் பொருந்தாது. ‘அமெரிக்கப் பந்தாட்டம்’ என்றே இக்கட்டுரையில் வழங்குவாம். பந்தும் உருண்டை வடிவினதன்று. இரு முனையும் கூர்ந்து நடுப் பருத்தது. றக்பி ஆட்டத்தின் வழித்தோன்றல் இஃது என்பதனை அப்பந்தே காட்டிவிடும்.

களம் ஒரு நீள்சதுரம். முழு நீளம் 120 யார். அகலம் 160 அடி, அதாவது 53 யாரும் ஓரடியும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் நம்மூர்க் கணக்கிற் கூறின், ஏறத்தாழ 21 பரப்பு நிலம். இந்த 120 யாரில் இரு அந்தங்களிலும் பப்பத்து யார் ‘என்ட் சோன்’ எனப்படும் ஈற்றுப்புலமாகக் கழிய, எஞ்சிய 100 யாரே ஆட்டம் முன்னும் பின்னும் நகரும் இடம். ஆடுகளத்தையும் ஈற்றுப்புலத்தையும் பிரித்துக் குறுக்கே செல்வது இலக்குக் கோடு. அதற்கப்பாற் பத்து யார் தள்ளி இருப்பது ஈற்றுக் கோடு. நீளப் பக்கம் இரண்டிலும் உள்ளவை பக்கக் கோடுகள்.

இலக்குக் கோட்டிலிருந்து ஐந்து யாருக்கு ஒன்றாகக் களத்தின் குறுக்கே வெண்கோடுகள் செல்லும். பத்து யாருக்கு ஒருமுறை இலக்கம் எழுதப்பட்டிருக்கும். அவ்விலக்கங்கள் 10, 20, 30, 40, 50 என ஏறி, மீண்டும் 40, 30, 20, 10 என இறங்கும். புதியவர் முதலில் மயங்குவது இங்கேதான். நூறு யார்க் களத்தில் அறுபதும் எழுபதும் எங்கே என்று வினவுவர். ஒவ்வோர் இலக்கமும் அண்மையிலுள்ள இலக்குக் கோட்டிலிருந்து எண்ணப்படுவது. நடுவில் நிற்பது ஐம்பது. ஆகவே ‘முப்பது யார்க் கோடு’ என்று மாத்திரம் கூறின் போதாது. எவ்வணியின் பக்கத்து முப்பது என்றுங் கூறல் வேண்டும். பந்தை வைத்திருக்கும் அணி தன் பக்கத்து முப்பதில் நிற்பின் இன்னும் எழுபது யார் செல்லவேண்டும். எதிரணியின் முப்பதில் நிற்பின் முப்பதே எஞ்சியுள்ளது. பேரன் கூறும் செய்தியிற் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலே தங்கியிருக்கும். இதனைத் தெளிவிப்பதற்காக இலக்கத்தின் அருகே சிறிய அம்புக்குறி ஒன்று இடப்பட்டு, அண்மையிலுள்ள இலக்குக் கோட்டின் திசையைக் காட்டும். ஐம்பதுக்கு அக்குறி இல்லை.

இனி, இக்கோடுகள் எற்றுக்கு என ஆராய்வாம். பந்தை உடைய அணிக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். ஒரு முயற்சிக்கு ‘டவுன்’ என்று பெயர். நான்கு முயற்சிக்குள் பத்து யார் முன்னேறின் மீண்டும் நான்கு கிடைக்கும்; முன்னேறாவிடின் பந்து எதிரணிக்குச் சேரும். ஆகவே ஆட்டம் முழுவதும் நிலத்தை அளந்து அளந்து கைக்கொள்ளும் வழக்கே எனலாம். வேலியெல்லைக்கு வழக்காடிப் பழகிய நம்மவர்க்கு இஃது எளிதில் விளங்கும் என நம்புகின்றோம்.

இவ்விதி தொடக்கத்தில் இருந்ததன்று. 1880 ஆம் ஆண்டில், பந்து நின்ற இடத்தில் இரு அணியும் எதிரெதிரே நிரை நிற்க, ஓரணி பந்தைத் தடையின்றித் தொடங்கலாம் என்னும் முறை ஏற்பட்டது. யேல் கல்லூரியில் ஆடிப் பயின்ற வோல்ரர் காம்ப் என்பார் இதற்கு முதல்வர். ஆயின் விதியிலே ஒரு பொந்து இருந்தது: பந்தைப் பெற்ற அணி அதனை விடவேண்டிய கட்டாயம் யாதும் இல்லை. 1881 இல் யேலும் பிறின்ஸ்ரனும் பொருதியபோது, ஒவ்வோரணியும் ஒவ்வொரு பாதி முழுவதும் பந்தைத் தன்னிடமே வைத்துக் காலங் கழிக்க, ஆட்டம் எவருக்கும் புள்ளியின்றி முடிந்தது. காண வந்தோர் பட்ட சலிப்பைச் சொல்லவேண்டியதில்லை. ஆதலின் 1882 இல், மூன்று முயற்சிக்குள் ஐந்து யார் முன்னேறாவிடின் பந்தை இழத்தல் வேண்டும் என விதித்தனர். ஐந்து யாரை அறிவது எங்ஙனம்? களத்திற் கோடு கீறியே அறிதல் வேண்டும். கீறிய பின்னர், மேலிருந்து நோக்கியோர்க்குக் களம் இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித் தட்டுப்போலத் தோன்றிற்று. அத்தட்டின் பெயராகிய ‘கிறிட்அயன்’ என்பதே களத்துக்கும் ஆட்டத்துக்கும் இன்றுவரை வழங்குகின்றது. முதலில் விதி பிறந்தது. கோடு அதன்பின் வந்தது. பெயர் ஈற்றிலே அமைந்தது.

ஐந்து யார் சிறு தொலைவு. அதனைக் கடக்க அக்காலத்து அணிகள் கைகோத்துத் திரளாகப் பாய்ந்தன. எதிர்நின்றோர் அத்திரளின் கீழ் நசுங்கினர். 1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் இறந்தோர் 18 பேர் எனப் பத்திரிகைகள் கணக்கிட்டன. பெரும்பாலோர் பாடசாலையிலும் கல்லூரியிலும் பயின்ற இளைஞர். சனாதிபதி தியோடோர் றூஸ்வெல்ற் அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் ஆகிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்செய்யுமாறு வற்புறுத்தினார். சில கல்லூரிகள் ஆட்டத்தையே கைவிட்டன.

சீர்செய்யும் வழி எது என்பதில் வழக்கு எழுந்தது. களத்தை அகலப்படுத்தினால் ஆட்டக்காரர் பரந்து நிற்பர், நெரிசல் குறையும் என்பது காம்பின் கருத்து. நல்ல கருத்தே. ஆயின் ஹாவாட் கல்லூரி 1903 இலேயே இரும்பு கலந்த கொங்கிறீற்றினாற் குதிரைலாட வடிவில் ஓர் அரங்கைக் கட்டி முடித்திருந்தது. அதன் படிகள் களத்தை நெருக்கி நின்றன, அகலப்படுத்த இடமில்லை. கற்சுவரை இடித்தற்கு எவரும் உடன்படவில்லை. எனவே, களத்தை அகலித்தற்குப் பதிலாகப் பந்தை முன்னோக்கி எறியும் உரிமை 1906 இல் அளிக்கப்பட்டது என்பது அவ்வாட்டத்தின் வரலாற்றாசிரியர் கூறுவது. பத்து யார் முன்னேறவேண்டும் என்னும் அளவும் அவ்வாண்டிலேயே வந்தது. இன்று அவ்வாட்டத்தின் அழகு என எவரும் போற்றும் நெடிய எறி, ஒரு கட்டடம் இடந்தராமையாலே வலுப்பெற்றது என எண்ணும்போது வியப்பே உண்டாகின்றது. விதி செய்வோர் தாளை மாத்திரம் பார்ப்பதில்லை, சுவரையும் பார்க்கவேண்டியுள்ளது.

முன்னோக்கி எறிபவன் நடுவிலிருந்து ஐந்து யாராவது பக்கவாட்டில் விலகி நிற்றல் வேண்டும் என்றும் அன்று விதித்தமையால், அதனை அளத்தற்கு நீளவாட்டிலும் கோடு கீற நேர்ந்தது. சில ஆண்டுகள் களம் சதுரங்கப் பலகை போலவே காட்சியளித்தது. 1910 இல் அவ்விதி நீங்க, அக்கோடுகளும் நீங்கின. 1912 இல் நான்காவது முயற்சி சேர்ந்தது. முன்பு 110 யாராக இருந்த களம் 100 யாராகக் குறுகி, ஈற்றுப்புலம் இரண்டும் அளவோடு அமைந்தன. எறிந்த பந்தை இலக்குக் கோட்டுக்கு அப்பாற் பிடிக்கவும் இடம் வேண்டுமன்றோ? கனடாவில் வழங்கும் ஆட்டம் இதன் உடன்பிறப்பு. அங்குத் தொழில்முறைக் களம் நெடுங்காலம் 110 யார் நீளமும் 65 யார் அகலமும் உடையதாய் இருந்து வந்துள்ளது. 2027 முதல் அந்நீளத்தை 100 யாராக்குவதென 2025 இல் அறிவித்துள்ளனர். ரொறன்ரோவில் வாழும் பேரனும் நியூ ஜேர்சியில் வாழும் பேரனும் ஒன்றையே சொல்லுகின்றனர் என்று கொள்ளற்க.

களத்தின் நடுப்பகுதியில் நீளவாட்டில் இரு நிரையாகச் சிறு கோடுகள் தோன்றும்; யாருக்கு ஒன்றாக இருக்கும். இவற்றை ‘ஹாஷ்’ குறி என்பர். குறுங்குறி என்று நாம் வழங்கலாம். பக்கக் கோட்டின் அருகே ஆட்டம் நின்றுவிடின், அடுத்த முயற்சிக்குப் பந்தை அங்கேயே வையாது, அண்மையிலுள்ள குறுங்குறிக்குக் கொணர்ந்து வைப்பர். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1932 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆந் திகதி சிக்காகோ பெயர்ஸ் அணியும் போட்ஸ்மத் ஸ்பார்ரன்ஸ் அணியும் சாம்பியன் பட்டத்துக்குப் பொருதவேண்டியிருந்தது. பனியும் கடுங்குளிரும் காரணமாக ஆட்டத்தைக் கூரையுள்ள ஒரு மண்டபத்துள் நடத்தினர். சேர்க்கஸ் காட்சிக்காகக் கொட்டியிருந்த மண்ணே அன்று ஆடுகளம். முழு நீளமும் 80 யார் மாத்திரமே. பக்கக் கோட்டை ஒட்டிச் சுவர் நின்றமையால், பந்தைப் பத்து யார் உள்ளே கொணர்ந்து வைக்க உடன்பட்டனர். அன்றைய நெருக்கடிக்குச் செய்த ஏற்பாடு மறு ஆண்டிலே நிரந்தர விதியாயிற்று.

இக்குறிகளுக்கிடையேயுள்ள அகலம் எல்லாக் களத்திலும் ஒன்றன்று. தொழில்முறை ஆட்டத்தில் 1972 முதல் 18 அடி 6 அங்குலம். கல்லூரிகளில் 40 அடி. உயர்தரப் பாடசாலைகளில் 53 அடி 4 அங்குலம், அதாவது களத்தின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு. ஆகவே பாடசாலைச் சிறுவன் சில வேளை மிகவுஞ் சரிந்த கோணத்திலிருந்து இலக்கை நோக்கி உதைக்கவேண்டியவனாவான். வயதில் இளையோர்க்கு வேலை கடினமாக அமைந்திருத்தல் விந்தையே. அவர்க்கு இலக்குக் கம்பத்தின் அகலம் சிறிது கூட்டப்பட்டிருத்தல் ஓராறுதல்.

அக்கம்பத்தைக் கூறுவாம். ஈற்றுக் கோட்டின் நடுவே நிற்கும் இதன் குறுக்குச் சட்டம் நிலத்திலிருந்து 10 அடி உயரத்திலுள்ளது. அதன் இரு முனையிலும் நிமிர்ந்து நிற்கும் கம்பங்களின் இடைவெளி 18 அடி 6 அங்குலம். உயர்தரப் பாடசாலைகளில் 23 அடி 4 அங்குலம். உதைத்த பந்து சட்டத்தின் மேலாகவும் கம்பங்களின் நடுவாகவும் செல்லவேண்டும். முற்காலத்தில் இஃது றக்பியிற்போல இரு கால் ஊன்றிய வடிவினதாய் இலக்குக் கோட்டின் மீதே நின்றது. ஓடி வருவோர் அதில் மோதிக் காயமுற்றனர். கல்லூரி ஆட்டத்தில் 1927 இல் அதனை ஈற்றுக் கோட்டுக்குப் பின்தள்ளினர். தொழில்முறையாளர் 1933 இல் மீண்டும் முன்கொணர்ந்து, 1974 இலேதான் பின்தள்ளினர். இதற்கிடையில் 1967 இல், கொக்கின் கழுத்துப்போல வளைந்த ஒற்றைத் தண்டு சட்டத்தைத் தாங்கும் புதிய அமைப்பு வந்தது. தண்டைச் சுற்றிப் பஞ்சணை கட்டப்பட்டிருக்கும். தொழில்முறைக் களங்களில் நிமிர்கம்பம் சட்டத்தின் மேல் 35 அடி எழும். 2014 க்கு முன் அது 30 அடி. கம்ப உச்சிக்கு மேலாகப் பறந்த பந்து உள்ளே சென்றதா வெளியே சென்றதா என்னும் பூசலைக் குறைத்தற்கே உயர்த்தினர். உச்சியில் ஒரு செம்மஞ்சள் நாடா அசைந்து காற்றின் திசையைக் காட்டும்.

இலக்குக் கோடும் ஈற்றுக் கோடும் பக்கக் கோட்டைச் சந்திக்கும் மூலைகளில் செம்மஞ்சள் நிறமுடைய, மெத்தென்ற சிறு தூண்கள் நிற்கும். இவற்றைப் ‘பைலன்’ என்பர். உயரம் 18 அங்குலம். கோட்டின் முடிவைக் கண்ணுக்குக் காட்டுதலே இவற்றின் தொழில்.

கோடு யாருடையது என்னும் வினாவிலே உதைபந்தாட்டம் பயின்றோர் தவறுதல் கூடும். உதைபந்தாட்டத்திற் கோடு களத்தைச் சேர்ந்தது. பந்து முழுவதும் அதனைக் கடந்தாலன்றி வெளியேறியதாகக் கொள்ளப்படாது. அமெரிக்கப் பந்தாட்டத்திற் பக்கக் கோடு களத்துக்குப் புறம்பானது. பந்தை ஏந்தியவன் அதனை நுனிவிரலால் மிதிப்பினும் வெளியேறியவனாவான். இலக்குக் கோடோ ஈற்றுப்புலத்தைச் சேர்ந்தது. அக்கோட்டின் மீது கண்ணுக்குப் புலப்படாத ஒரு சுவர் வானளவும் எழுவதாகப் பாவனை செய்க. ஏந்திவரும் பந்தின் முனை அச்சுவரைத் தொட்டவுடன் ஆறு புள்ளிகள் கிடைத்துவிடும். இதற்கு ‘ரச்டவுன்’, நிலந்தொடுதல், என்று பெயர். ஆயின் பந்து நிலத்தைத் தொடவேண்டிய தேவை இல்லை! றக்பியில் இன்றும் தொடவேண்டும். அமெரிக்கர் செயலை விட்டனர், பெயரை விடவில்லை. சொல் பொருளைக் கடந்து வாழ்வதற்கு இதனினும் நல்ல உதாரணம் வகுப்பறையில் எமக்கு வாய்த்ததில்லை.

பக்கக் கோட்டின் ஓரமாகப் பத்து யார் நீளமுள்ள சங்கிலியால் இணைக்கப்பட்ட இரு கோல்களை ஏந்திச் சிலர் நிற்பர். அணி கடக்கவேண்டிய எல்லையைக் காட்டுவோர் அவர்களே. ஐயம் நேரின் சங்கிலியைக் களத்தின் உள்ளே கொணர்ந்து இழுத்து அளப்பர். பல்லாயிரவர் மூச்சடக்கிப் பார்த்திருக்க, எங்கள் நில அளவையாளர் போலக் குனிந்து அளக்கும் அக்காட்சி சுவையானது. தொலைக்காட்சியில் அவ்வெல்லை மஞ்சட்கோடாகத் தோன்றும். 1998 முதல் வந்த உத்தி இது. அக்கோடு திரையில் மாத்திரமே உண்டு, புல்லின் மீது இல்லை. 2025 முதல் தொழில்முறை ஆட்டத்தில் நிழற்படக் கருவிகளே அளக்கின்றன. சங்கிலி துணைக்கு நிற்கின்றது.

இனி அரங்கு. யேல் கல்லூரியார் 1914 இல் ஹாவாட்டினும் பெரிதாக ஒன்று அமைக்க விரும்பி, நிலத்தைத் தோண்டி, தோண்டிய மண்ணைச் சுற்றிலும் அணையாக உயர்த்தி, அதன் சரிவிற் படிகளை அமைத்தனர். களம் அடியிலும் மக்கள் சுற்றிலும் அமைய, முழுவதும் ஒரு கிண்ணம் போல் ஆயிற்று. ‘யேல் பௌல்’ எனப் பெயரிட்டனர். இதனைப் பின்பற்றி கலிபோர்ணியாவின் பசடீனா நகரில் 1922 இல் ‘றோஸ் பௌல்’ எழுந்தது. அங்குப் புத்தாண்டில் நடைபெறும் ஆட்டத்துக்கும் அப்பெயரே நின்றது. பின்னர் ஏனைய நகரத்தார் தம் ஆட்டங்களையும் ‘பௌல்’ எனலாயினர். 1967 இல் தொடங்கிய தொழில்முறை இறுதியாட்டம் ‘சுப்பர் பௌல்’ ஆயிற்று. இதனைத் தமிழிற் ‘கிண்ணம்’ என எழுதுவோர் உளர். நம்மிடையே கிண்ணம் என்பது வென்றோர்க்கு அளிக்கும் பரிசைக் குறிக்கும். அவர் பௌலோ அரங்கின் வடிவத்தால் வந்த பெயர். சுப்பர் பௌலில் வென்றோர் பெறும் பரிசு கிண்ண வடிவினதுமன்று, பந்து வடிவினது. பத்திரிகைகளில் மொழிபெயர்க்கும் எம் பழைய மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

அந்நாட்டின் மிகப் பெரிய அரங்கு தொழில்முறை அணியினதன்று, ஒரு பல்கலைக்கழகத்தினது. 1927 இல் திறக்கப்பட்ட மிச்சிக்கன் அரங்கில் 107,601 பேர் அமரலாம். அதன் பெரும்பகுதி நிலமட்டத்தின் கீழே இருத்தலின், வீதியிற் செல்வோர்க்கு அத்துணைப் பெரிதெனத் தோன்றாது. அரங்கிலே ஐம்பது யார்க் கோட்டுக்கு நேரே அமைந்த இருக்கைகள் விலையுயர்ந்தவை. ஈற்றுப்புலத்தின் பின்னுள்ளவை மலிவானவை. பத்திரிகையாளர் கூடம் ஒரு பக்கத்தின் நடுவில் உயரத்தே இருக்கும். அவ்வுயரத்திலேயே துணைப் பயிற்றுநர் சிலரும் இருந்து, கீழே நிற்கும் தலைமைப் பயிற்றுநரோடு ஒலிவாங்கியிற் பேசுவர். மேலிருந்து நோக்குவோர்க்கே ஆட்டக்காரரின் நிரை முழுவதும் தெரியும்.

எல்லா அரங்கிலும் களம் செவ்வனே பொருந்துவதில்லை. சிக்காகோவிலுள்ள றிக்லி மைதானம் பேஸ்போல் ஆட்டத்துக்கென அமைந்தது. 2010 இல் இலினோய், நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகங்கள் அங்கு ஆடியபோது, ஓர் ஈற்றுக் கோடு மதிலை முட்டும் அளவு நெருங்கிற்று. ஆட்டக்காரர் மதிலில் மோதுவர் என அஞ்சி, இரு அணியும் ஒரே திசையை நோக்கியே தாக்கவேண்டும் எனத் தீர்த்தனர். பந்து கைமாறுந்தோறும் அதனைத் திருப்பி வைத்து ஆடினர்.

குளிரும் வெயிலும் களத்தை ஆள்கின்றன. விஸ்கொன்சின் மாநிலத்துக் கிறீன் பே நகரில் 1967 டிசெம்பர் 31 ஆந் திகதி நடந்த ஆட்டத்தில், புல்லின் கீழ்ப் புதைத்த வெப்பமூட்டுங் கம்பிகள் பயன்படாது போக, பூச்சியத்துக்குக் கீழ் 13 பாகை பரனைற்றுக் குளிரில் நிலம் கல்லாய் உறைந்தது. மறுபுறம், ஹியூஸ்ரன் நகரில் 1965 இற் கட்டிய கூரையுள்ள அரங்கில், ஒளிபுகுங் கூரையின் ஒளி பேஸ்போல் பிடிப்போர் கண்ணைக் கூசச் செய்கின்றதென்று அதன்மேல் வர்ணம் பூசினர். வெயிலின்றிப் புல் மடிந்தது. அதனால் 1966 இற் செயற்கைப் புல் விரிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிற்று. அதன்மீது விழுவோர்க்கு முழங்காலும் தோலும் படும்பாட்டை ஆட்டக்காரர் இன்றும் முறையிடுகின்றனர். இயற்கைப் புல்லே வேண்டும் என்பது அவருட் பலரின் கோரிக்கை. அறிசோனா மாநிலத்துக் கிளென்டேல் நகரில் 2006 இல் திறந்த அரங்கிலே இதற்கொரு வழி கண்டனர். அங்கு இயற்கைப் புற்களம் முழுவதும் சில்லுகள் பூட்டிய ஒரு பெருந்தட்டில் வளர்க்கப்படுகின்றது. ஆட்டமில்லாத நாட்களில் அத்தட்டை அரங்கின் வாயில் வழியே வெளியே உருட்டி, வெயிலிலே கிடக்கவிடுவர். ஆட்ட நாளில் மீண்டும் உள்ளே கொணர்வர்.